வயிற்றில் என்ன இருக்கிறது

எங்கள் மலையில் இப்போது யாரும்
ஈட்டியால் பெரியவனாவதில்லை.
ஈட்டிகள் கூரைச் செருகலில் புகை குடிக்கின்றன.
கொடுத்துத்தான் வீழ்த்த வேண்டும்.
வாங்கியவன், திருப்பிக் கொடுக்கும் நாள்வரை
கொஞ்சம் குனிந்தே நடப்பான்.

போரா என் கணவனுக்குப் பங்காளி.
சென்ற முறை ஆற்றங்கரைக்காரர்களுக்கு
அவன் கொடுத்தது எட்டு எட்டு.
அறுபத்து நான்கு பன்றி.
ஆகவே குண்டிலுக்கு அறுபத்து ஐந்து வேண்டும்.
அந்த ஒன்றுதான்
இப்போது என் கையில் இருக்கும் கயிறு.

முளைகளை நேற்றே அடித்துவிட்டார்கள்,
ஆவிவீட்டு வாசலிலிருந்து மைதானத்தின் கால்மாடுவரை
நூல் பிடித்தாற்போல்.
வெறும் முளைகளைப் பார்த்துவிட்டுப் போன போரா
இரவெல்லாம் தூங்கவில்லை என்று கேள்வி.

குண்டில் வருகிறான்.
முகத்தில் கரி, தலையில் சொர்க்கப்பறவையின் இறகு,
கழுத்திலிருந்து தொப்புள்வரை மூங்கில் குச்சிகள்,
எட்டெட்டுச் சிப்பி கொடுத்த கணக்கு
ஏணிபோல் தொங்குகிறது.
கோடரியைத் தோளில் சாய்த்து
நாலடி போகிறான், நாலடி திரும்புகிறான்.
நின்று பேசக் கூடாது. நேராகவும் பேசக் கூடாது.
"என் வீட்டில் ஒன்றுமில்லை.
இந்த எலிக்குஞ்சுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறான்.
எலிக்குஞ்சுகள் கொழுப்பு தாங்காமல் படுத்துக் கிடக்கின்றன.
ஆற்றங்கரைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொள்கிறார்கள்.
அதுவும் முறைதான்.

எண்ணுகிற வையா
இரண்டிரண்டாக விரல் மடக்கிக்கொண்டே வருகிறான்.
எட்டு. ஓர் எட்டு முடிந்தது.

மூன்று நாளுக்கு முன்
ஆண்கள் வீடு வீடாக வந்து கேட்டார்கள்,
"வயிற்றில் ஏதாவது இருக்கிறதா?"
பெண்ணின் வயிற்றெரிச்சலோடு கைமாறிய பன்றி
கொடுத்தவனைப் படுக்கையில் தள்ளும்.
செத்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
அதனால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.
நான் "இல்லை" என்றேன்.
அடுப்பில் கிழங்கு கருகிக்கொண்டிருந்தது.

இருந்தது.
இந்தச் செம்பழுப்புப் பெட்டையை
என் தங்கை ரைமுக்கு என்று வளர்த்தேன்.
மூன்று வருடம், மண்ணிலிருந்து ஒவ்வொரு கிழங்காய்.
மழை இரவுகளில் என் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்து
குறட்டைவிடும்.
ஒருநாள் விடிந்தபோது
அதன் முன்னங்காலில் குண்டிலின் கயிறு இருந்தது.
கேட்கவில்லை அவன். சொல்லவுமில்லை.

எட்டு எட்டு முடிந்தது.
வையா என் முன்னால் வந்து நிற்கிறான்.
குண்டில் கை நீட்டுகிறான்.
என் விரல்கள் திறக்கவில்லை.

பிடிவாதம் என்று போரா சொல்லக்கூடும்.
அவன் ஒன்றும் சொல்லாமல் மேகம் பார்த்தான்.
மைதானத்தில் யாரும் கோபப்படக் கூடாது,
தோற்கிறவன்கூட, ஜெயிக்கப்போகிறவன்கூட.
கரிக்குக் கீழே குண்டிலின் தாடை அசைந்தது.
ஆனால் முறை அவனையும் முளையில் கட்டியிருந்தது.
நாலடி போகவில்லை அவன்.
நின்றான். நேராகப் பேசினான்.
"வயிற்றில் என்ன இருக்கிறது?"

சொன்னேன்.
ரைமின் பெயரை, கிழங்குத் தோட்டத்தை, அந்த விடிகாலையை.
ஆற்றங்கரைப் பெண் ஒருத்தி எங்கோ பின்னால் இருமினாள்.
பன்றி சாணி போட்டது.

"அடுத்த ஈற்றில் இரண்டு ரைமுக்கு" என்றான்,
எல்லோர் காதிலும் விழும்படி.
"மூன்று" என்றேன்.
"மூன்று."

கயிற்றை அவன் கையில் கொடுக்கவில்லை.
வாங்கப்போகிறவனிடம் நானே கொடுத்தேன்.
வையா விரலை மடக்காமல் என்னையும் அவனையும் பார்த்தான்.
இது யார் பேரில் என்று
எந்த முன்னோனும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.
கடைசியில் "அறுபத்து ஐந்து" என்று மட்டும் கூவினான்.

குண்டில் பெரியவனானான்.
மழை வந்து எல்லோர் முகத்துக் கரியையும் வழித்தது.

இரவில் வந்து தடுப்பருகே உட்கார்ந்தான்.
"இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"
காலியான பக்கத்தில் வைக்கோல் வாசனை.
"தெரியாது, தடவிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.
விடியும்வரை அவன் போகவில்லை.